பங்காளிங்கதான், ஆனா குணம் வேற: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல சும்மா இருக்காம, "தனிம அட்டவணையில ஒரே தொகுதியில, அதாவது மேலேர்ந்து கீழ போற ஒரே வரிசையில, இருக்குறதெல்லாம் பங்காளிங்க மாதிரி, ஜாடை ஒண்ணு, குணம் மட்டும் கீழ போகப் போக மாறும்"னு எழுதித் தொலைச்சுட்டேன். அவ்ளோதான், கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. பாதி பேர் ஸ்கூல் பாடத்துல மாட்டிக்கிட்டவங்க, மீதி பேர் அடுப்படியிலயும் வயல்லயும் மாட்டிக்கிட்டவங்க. அதனால இந்த வாட்டி சினிமா கேள்வியெல்லாம் ஓரமா வெச்சுட்டு இது மட்டும்தான், கோச்சுக்காதீங்க.

சார், கீழ போகப் போக அணு ஆரம் கூடும், அயனியாக்கும் ஆற்றல் குறையும்னு அம்புக்குறி போட்டு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். டெஸ்ட்ல சோடியம், பொட்டாசியம் ரெண்டுல எதுக்கு அடர்த்தி ஜாஸ்தின்னு கேட்டாங்க, பொட்டாசியம்னு எழுதினேன், தப்பு. ஃப்ளூரின், குளோரின்ல எதுக்கு எலக்ட்ரான் நாட்டம் ஜாஸ்தின்னாங்க, ஃப்ளூரின்னு எழுதினேன், அதுவும் தப்பு. அப்ப அம்புக்குறி பொய்யா?
பிளஸ் ஒன் மாணவி, மன்னார்குடி

பொய் இல்லம்மா. ஆனா ரோட்டுல "தஞ்சாவூர் 40 கி.மீ."னு போர்டு இருக்கும், நடுவுல பாலம் வேலை நடக்குறது போர்டுல இருக்காது பாரு, அம்புக்குறியும் அப்படித்தான்.

நம்ம ஊர் தண்ணியையே எடுத்துக்க. மேட்டூர்ல ஜூன் 12 தொறக்குறாங்கன்னு வை, கல்லணை தாண்டி தலைமடைக்காரருக்குத் தண்ணி முழுசா பாயும், நடுவுல அத்தனை வாய்க்கால், அத்தனை மதகு, எல்லாத்தையும் தாண்டி கடைமடைக்கு வர்றப்ப சொட்டு சொட்டா வரும். அணுக்கருவோட இழுவை மேட்டூர் தண்ணின்னா, வெளிக்கூட்டுல இருக்குற எலக்ட்ரான் கடைமடை வயல். லித்தியத்துல அது ரெண்டாவது கூட்டுலயே இருக்கு, சீசியத்துல ஆறாவது கூட்டுல. நடுவுல இருக்குற கூடுங்க எல்லாம் இழுவையை மறைக்கும், இதைத்தான் உங்க புக்ல திரைமறைப்பு விளைவுன்னு போட்டிருப்பாங்க. (உவமை முழுசா சரியில்ல, ஏன்னா உள் எலக்ட்ரான் இழுவையைக் குடிச்சு தீக்குறது இல்ல, வெளியில இருக்குறதை எதிர்த்துத் தள்ளுது, அவ்ளோதான். பரீட்சையில மேட்டூர்னு எழுதிடாத.)

அதனால என்ன ஆகுதுன்னா, லித்தியத்துலேர்ந்து அந்த ஒத்தை எலக்ட்ரானைப் புடுங்க மோலுக்கு 520 கிலோஜூல் வேணும் (இதான் அயனியாக்கும் ஆற்றல்), சோடியத்துக்கு 496, பொட்டாசியத்துக்கு 419, சீசியத்துக்கு வெறும் 376. ஆரம் 152 பிக்கோமீட்டர்ல ஆரம்பிச்சு 265 வரைக்கும் போவுது. பிடி தளர்ந்துக்கிட்டே போனா உலோகம் இளகாதா? இளகும், லித்தியம் 180 டிகிரியில உருகுது, சோடியம் 98, பொட்டாசியம் 63, சீசியம் 28. நம்ம ஊர் சித்திரை வெயில்ல, காத்துப் படாம சீல் பண்ணின கண்ணாடிக் குழாயில சீசியத்தை வெச்சா நிழல்லயே தண்ணியா ஓடும்.

இப்ப உன்னோட அடர்த்தி கேள்வி. அடர்த்திக்கு ரெண்டு விஷயம் சண்டை போடுது, எடையும் இடமும். சோடியத்துலேர்ந்து பொட்டாசியத்துக்குப் போறப்ப எடை 23-லேர்ந்து 39, அதாவது 1.7 மடங்கு. ஆனா ஒரு மோல் சோடியம் அடைக்குற இடம் சுமார் 23.7 கன செ.மீ., பொட்டாசியம் அடைக்குறது 45-க்கும் மேல, கிட்டத்தட்ட 1.9 மடங்கு. வீடு வாங்குன அளவுக்கு ஆள் வரல, வீடு காலியா தெரியுது. அதான் சோடியம் 0.97, பொட்டாசியம் 0.86. அடுத்த ருபீடியத்துல எடை எகிறிடும், அடர்த்தி 1.53-க்கு வந்துரும். ஒரே ஒரு எடத்துல மட்டும் அம்புக்குறி மடங்குது, அந்த எடத்தைத்தான் பரீட்சையில கேப்பாங்க, அது வாத்தியாருங்க குணம்.

ஃப்ளூரின் கதை வேற. கடைசி மினி பஸ்ஸை நெனச்சுக்க, டிரைவர் ரொம்ப நல்லவர், எல்லாரையும் ஏறச் சொல்றாரு, ஆனா பஸ்ஸு சின்னது, உள்ள இருக்குறவங்க "எடம் இல்ல எடம் இல்ல"ன்னு தள்ளுறாங்க. ஃப்ளூரின் அணு அவ்ளோ சின்னது, ஏற்கனவே அங்க இருக்குற ஏழு வெளி எலக்ட்ரானும் புதுசா வர்றதை நெட்டித் தள்ளுது. குளோரின் கொஞ்சம் பெரிய பஸ். அதனால புது எலக்ட்ரான் ஏறுறப்ப வெளிய வர்ற ஆற்றல், அதாவது எலக்ட்ரான் நாட்டம், குளோரினுக்கு 349 கிலோஜூல், ஃப்ளூரினுக்கு 328. குளோரினுக்குக் கீழ மறுபடி ஒழுங்கா குறையும்.

ஒண்ணு சொல்லட்டா, இது நான் பட்டது. நான் படிச்ச காலேஜ் லேப்ல மண்ணெண்ணெய் பாட்டில்ல சோடியம் கெடக்கும், பட்டாணி அளவு வெட்டுன்னு சொன்னா நாங்க நெல்லிக்கா அளவு வெட்டி சிங்க்ல போட்டுட்டோம். கத்தியில வெட்டுறப்ப வெண்ணெய் மாதிரி இருந்துச்சு, வெட்டுன எடம் வெள்ளி மாதிரி பளிச்சுனு மின்னி நாங்க பாக்குறப்பவே மங்கிடுச்சு. தண்ணியில விழுந்ததும் உருண்டையா உருகி சர்ர்ருன்னு சுத்துச்சு, அப்பறம் டப்புன்னு ஒரு சத்தம், அட்டெண்டர் ஐயாவோட சட்டையில ஓட்டை. நல்லவேளை கண்ணுல படல. அதே லேப்ல லித்தியத்தைப் போட்டுப் பாத்தா சோடா மாதிரி புஸ்ஸுன்னு மெதுவா நுரைச்சுது, உருகவே இல்ல. ஏன்னா அதோட உருகுநிலை 180, அந்த வினையில வர்ற சூடு அதுக்குப் பத்தல, உருகாததால தண்ணி படுற பரப்பும் புதுசு புதுசா வரல. வேடிக்கை என்னன்னா மொத்த கணக்குல பாத்தா எலக்ட்ரானை விட்டுக்குடுக்குற ஆசையைக் காட்டுற மின்முனை அழுத்தம் லித்தியத்துக்குத்தான் ரொம்ப எதிர்மறை, மைனஸ் 3.04 வோல்ட், சோடியம் மைனஸ் 2.71-தான். அதாவது லித்தியத்துக்கு ஆசை அதிகம், வேகம் கம்மி. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காம இருந்தா உனக்குப் பாதி கெமிஸ்ட்ரி வந்துரும். இன்னொண்ணு, லித்தியத்தை மண்ணெண்ணெயில போட்டா மிதக்கும், அடர்த்தி 0.53, அதனால மெழுகு பூசித்தான் வெப்பாங்க.

மாமியார் குடுத்த ஈயச்சொம்புல 30 வருஷமா ரசம் வெக்கிறேன். மருமக வந்து "ஈயம்னா லெட், விஷம், தூக்கிப் போடுங்க"ன்னு சொல்றா. ரெண்டும் ஒண்ணா? நான் கட்டிக் காப்பாத்துனது விஷமா?
இல்லத்தரசி, கும்பகோணம்

அம்மா, உங்க மருமக சொல்றதுலயும் நியாயம் இருக்கு, நீங்க சொல்றதுலயும் இருக்கு, எல்லாம் அந்தப் பேரால வந்த வினை. ஈயத்துல ரெண்டு, வெள்ளீயம், காரீயம். ரசச்சொம்பு வெள்ளீயத்துல செய்யணும். விஷம் காரீயம். ரெண்டும் அட்டவணையில மேல கீழ வீடு, 14-ஆம் தொகுதி.

இந்தத் தொகுதி மொத்தமும் உங்க அடுப்படியிலயே இருக்கு தெரியுமா? மேல கார்பன், அது அடுப்புக்கரி. அதுக்குக் கீழ சிலிக்கான், அது நீங்க சொம்பு தேய்க்குற உமிச்சாம்பல்ல இருக்கு, உமி எரிஞ்சா மிஞ்சுறதுல பெரும்பகுதி சிலிக்காதான். அடுத்தது ஜெர்மேனியம், அது மட்டும் உங்க வீட்டுல இருக்காது. அப்பறம் வெள்ளீயம், கடைசியா காரீயம், அது இன்வெர்ட்டர் பேட்டரிக்குள்ள. கரி உலோகம் இல்ல, சிலிக்கான் பாதி பாதி, ஈயம் ரெண்டும் பக்கா உலோகம். தொகுதியில கீழ போகப் போக உலோகத்தன்மை கூடும்னு சொல்றதை இவ்ளோ தெளிவா காட்டுற தொகுதி வேற இல்ல, எனக்குப் பிடிச்ச தொகுதியும் இதான்.

கார்பன் நாலு எலக்ட்ரானையும் பங்கு போடும். கீழ வர வர வெளிக்கூட்டுல இருக்குற ரெண்டு எலக்ட்ரான் "நாங்க வரல"ன்னு உள்ளயே உக்காந்துக்கும், இதுக்கு மந்த இணை விளைவுன்னு பேரு. வெள்ளீயம் ரெண்டும் குடுக்கும், நாலும் குடுக்கும். காரீயம் ரெண்டுலதான் நிம்மதியா இருக்கும். பேட்டரியில நாலு குடுத்த நிலையில வெச்சிருக்குற காரீய ஆக்சைடு எப்படா ரெண்டுக்குத் திரும்பலாம்னு துடிக்கும், அந்தத் துடிப்புலதான் கரண்ட் போனா உங்க ஃபேன் ஓடுது. ஆனா அதே ரெண்டு குடுத்த காரீய அயனி (எலக்ட்ரானை இழந்த அணு) உடம்புக்குள்ள போனா கால்சியம் மாதிரி வேஷம் போட்டு எலும்புல போய் வருஷக்கணக்கா உக்காந்துக்கும், குழந்தைங்களுக்கு மூளையைப் பாதிக்கும். சொம்புல இருக்குற வெள்ளீயம் அப்படி இல்ல, குடல் அதை ரொம்பக் கொஞ்சமாத்தான் உள்ள எடுத்துக்கும்.

இப்ப சொம்பு. வெள்ளீயம் விலை ஜாஸ்தி, காரீயம் மலிவு, அதனால கலப்படம் உண்டு. பழைய ஆளுங்க தகட்டை வளைச்சுப் பாப்பாங்க, சுத்த வெள்ளீயம்னா கிர்ருனு ஒரு முனகல் சத்தம் வரும். வெள்ளைப் பேப்பர்ல இழுத்தா காரீயம் பென்சில் மாதிரி கோடு போடும். ஆனா கொஞ்சம் கலந்திருந்தா இந்த ரெண்டு வித்தையும் உதவாது, நான் இதை நம்பி ரசம் குடிக்க மாட்டேன். உலோகம் சோதிக்குற லேப்ல ஒரு தடவ குடுத்துப் பாத்துருங்க. காரீயம்னு வந்தா பூஜை ரூம்ல வெச்சுக்குங்க, புளி அதுல படக் கூடாது. கொதிக்க வெச்சா விஷம் போயிரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வெள்ளீயம்னு வந்தா மருமககிட்ட காட்டிட்டு ரசம் வைங்க, ஆனா வெறும் சொம்பை அடுப்புல வெச்சுட்டு போன் பேசப் போயிடாதீங்க, 232 டிகிரியில உருகிரும்.

எனக்குத் தலைஞாயிறு பக்கம் நிலம். மண்வள அட்டையில சோடியம் ஜாஸ்தி, ஜிப்சம் போடுங்கன்னு எழுதியிருக்காங்க. பொட்டாஷ் உரம்னு காசு குடுத்து வாங்குறோம், சோடியம் சும்மா வந்தா வேணாங்குறீங்க. ரெண்டும் ஒரே தொகுதின்னு எம் பையன் சொல்றான். ஒண்ணு மருந்து ஒண்ணு விஷமா எப்படி ஆகும்?
விவசாயி, வேதாரண்யம் வட்டம்

ஐயா, உங்க கேள்விதான் இந்த வாரம் எனக்குப் பிடிச்ச கேள்வி.

சோடியம் அயனி சின்னது, ஆரம் 102 பிக்கோமீட்டர். பொட்டாசியம் அயனி, அதாவது உங்க பொட்டாஷ்ல இருக்குறது, 138. சின்னதுதான் ஓட்டையில ஈசியா நுழையும்னு நாம நெனப்போம். செடியோ மனுசனோ, செல்லுல பொட்டாசியத்துக்குன்னு ஒரு வாசல் இருக்கு, அதுல பெருசு போவும், சின்னது போவாது! காரணம் தண்ணி. எந்த அயனியும் தன்னைச் சுத்தி தண்ணி மூலக்கூறை ஒட்ட வெச்சுக்கிட்டுத்தான் மிதக்கும், உள்ள நுழையணும்னா அந்த ஈரச் சட்டையைக் கழட்டணும். வாசல்ல இருக்குற ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தோட அளவுக்குன்னே தச்சு வெச்ச மாதிரி நிக்கும், தண்ணி குடுத்த பிடியை அதுங்க குடுக்கும், பொட்டாசியம் சட்டையைக் கழட்டிட்டு நிம்மதியா போயிரும். சோடியம் சின்னதா இருக்குறதால அதுங்களுக்கு எட்டாது, சட்டையைக் கழட்டவும் மனசு வராது. இந்த வாசலோட வடிவத்தைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் ராட்ரிக் மெக்கின்னனுக்கு 2003-ல வேதியியல் நோபல் குடுத்தாங்க. ஆக, தொகுதியில ஒரே ஒரு படி எறங்குனதுல இவ்ளோ வித்தியாசம்.

மண்ணுலயும் இதே கதைதான். களிமண் துகள் மேல எதிர் மின்சுமை இருக்கும், நேர் அயனி போய் ஒட்டும். சோடியம் தண்ணிச் சட்டையோட தடிமனா ஒட்டும், ஒத்தை மின்சுமைதான் வேற, துகள்களைச் சேத்துப் பிடிக்க முடியாது, மண்ணு கூழாகி, காஞ்சா பாளம் பாளமா இறுகி, தண்ணி எறங்காது, வேர் மூச்சு விடாது. நீங்க உழுறப்ப பாத்திருப்பீங்க, கலப்பை பட்ட எடம் வழுவழுன்னு சோப்பு மாதிரி மின்னும். ஜிப்சம் கால்சியம் சல்பேட். கால்சியம் ரெண்டு மின்சுமைக்காரன், சோடியத்தைக் கெளப்பிட்டு அவன் எடத்துல உக்காந்து துகள்களை ஒண்ணா கட்டிருவான். கெளம்புன சோடியம் எங்க போவும்? அதுக்கு வடிகால் வேணும், நல்ல தண்ணி நிறுத்தி வடிச்சு விடணும், இல்லன்னா போட்ட காசு வீண், சோடியம் அங்கயே சுத்திக்கிட்டு நிக்கும்.

ஒரு எச்சரிக்கை, களர் வேற உவர் வேற. பிஹெச், அதாவது மண்ணோட அமில-காரத் தன்மையைச் சொல்ற எண், 8.5-க்கு மேல போயி சோடியம் ஆட்சி பண்ற களருக்குத்தான் ஜிப்சம். கடல் தண்ணி ஏறுன மாதிரி உப்பு மட்டும் ஜாஸ்தியா இருக்குற உவர் மண்ணை நல்ல தண்ணியில கழுவித்தான் எடுக்கணும். 2004 சுனாமியில கடல் ஏறுன நாகை வயல்களையும் மழையும் நல்ல தண்ணியும்தான் முக்கியமா கழுவி மீட்டுச்சு. உங்க அட்டையில பிஹெச் எவ்ளோன்னு எழுதல, வேளாண் அலுவலர்கிட்ட அட்டையைக் காட்டிட்டு மூட்டை வாங்குங்க.

எங்க அப்பாவுக்கு வயித்துக்கு ஒரு வெள்ளைக் கரைசலைக் குடிக்க வெச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க, பேரியம்னு சொன்னாங்க. போன்ல தேடுனா பேரியம் விஷம்னு வருது. பயமா இருக்கு.
வாசகர், மயிலாடுதுறை

பயப்படாதீங்க. குடுத்தது பேரியம் சல்பேட், அது தண்ணியில கரையவே கரையாத ஜாதி, வாய் வழியா போயி அப்படியே வெளியில வந்துரும். கரையுற பேரியம் உப்புதான் விஷம். இதுவும் தொகுதி வெளையாட்டுதான், ரெண்டாவது தொகுதி. மேல மெக்னீசியம் சல்பேட், நம்ம பேதி உப்பு, கலக்குனா கரைஞ்சு காணாமப் போயிரும். அடுத்தது கால்சியம் சல்பேட், வேதாரண்யம் விவசாயி ஐயா போடப் போற ஜிப்சம், கொஞ்சமாத்தான் கரையும். கடைசியில பேரியம் சல்பேட், கரையாது. ஆனா ஹைட்ராக்சைடு எடுத்தா தலைகீழ்! மெக்னீசியம் ஹைட்ராக்சைடு நெஞ்செரிச்சலுக்குக் குடிக்குற பால் மாதிரி மருந்து, கரையாம கலங்கி நிக்கும். கால்சியத்தோடது வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பு, கொஞ்சம் கரையும், தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி தெரியும்ல. பேரியத்தோடது நல்லாவே கரையும். சல்பேட் பெரிய ஆளு, ஹைட்ராக்சைடு சின்ன ஆளு, யாரோட கூட்டு சேருதுங்குறதைப் பொறுத்து அம்புக்குறியே திரும்பிரும்.

நாங்க பரம்பரையா சாமி விக்கிரகம் வார்க்குறவங்க. கீழ போகப் போக உலோகம் வேகமா வினை புரியும்னு பொண்ணு படிக்கிறா. செம்பு களிம்பு ஏறுது, வெள்ளி கறுக்குது, தங்கம் அப்படியே இருக்கு. அட்டவணையில இந்த வரிசையிலதான் மேலேர்ந்து கீழ இருக்காம். தலைகீழால்ல இருக்கு?
சிற்பி, சுவாமிமலை

தலைகீழேதான், உங்க கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு. காவேரி வண்டல் அச்சுல உலோகத்தை ஊத்துற கைக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா என்ன.

பொட்டாசியத்துக்கும் செம்புக்கும் வெளிக்கூட்டுல ஒரே ஒரு எலக்ட்ரான்தான், ரெண்டுக்கும் நாலாவது கூட்டுலதான். ஆனா பொட்டாசியத்துலேர்ந்து அதைப் புடுங்க 419 கிலோஜூல், செம்புலேர்ந்து 745. ஏன்னா ரெண்டுக்கும் நடுவுல அணுக்கருவுல பத்து புரோட்டான் கூடியிருக்கு, அதுக்கு ஈடா வந்த பத்து எலக்ட்ரானும் டி ஆர்பிட்டால்னு ஒரு எடத்துல உக்காந்திருக்கு, அதுங்க சரியா மறைக்காது. மன்னார்குடி பொண்ணுக்குச் சொன்ன மேட்டூர் கதையில சொல்லணும்னா, மேல தண்ணி அளவு ஏறிடுச்சு, நடுவுல புதுசா வந்த வாய்க்கால்காரங்க மதகையே தொறக்கல, கடைமடைக்கு நல்லா பாயுது.

தங்கத்துல இன்னும் பதினாலு எலக்ட்ரான் எஃப் ஆர்பிட்டால்ல சேருது, அதுங்க இன்னும் மோசமா மறைக்கும். அதான் வெள்ளியும் தங்கமும் கிட்டத்தட்ட ஒரே சைஸ், ரெண்டுக்கும் ஆரம் 144 பிக்கோமீட்டர், ஒரு கூடு கூடியும் பெருக்கல. அதே எடத்துல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு எடை, வெள்ளி அடர்த்தி 10.5, தங்கம் 19.3, இது உங்க கைக்கே தெரியும். அயனியாக்கும் ஆற்றல் வெள்ளிக்கு 731, தங்கத்துக்கு 890. விடவே விடாது. அணுக்கருவுல 79 புரோட்டான் இழுக்குறதால உள்ள இருக்குற எலக்ட்ரானுங்க ஒளியோட வேகத்துல பாதிக்கு மேல ஓடுது, ஐன்ஸ்டீன் சார்பியல் கணக்கு அங்க உள்ள வந்துரும், அதுல வெளிக்கூடு இன்னும் சுருங்குது, நீல வெளிச்சத்தைத் தங்கம் முழுங்குது, மிச்சம் மஞ்சளா நம்ம கண்ணுக்கு வருது. அந்தக் கணக்கு இல்லன்னா தங்கமும் வெள்ளி நெறத்துலதான் இருந்திருக்கும், அப்ப நம்ம ஊர் கல்யாணச் செலவு எவ்ளோ கொறஞ்சிருக்கும்!

வெள்ளி கறுக்குறது காத்துல இருக்குற கந்தக வாயுவால, ஆக்சிஜனால இல்ல. முட்டை சாப்பிட்ட வெள்ளி ஸ்பூன் கறுக்குறது அதான். கொலுசை ரப்பர் பேண்ட் போட்டு வெக்காதீங்கன்னு வீட்டுல சொல்லுங்க.

சோடியம் இருக்குற தொகுதியில கடைசி அணு ஃப்ரான்சியம்தான் ரொம்ப ஆபத்தானதா? அதைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்?
ஏழாம் வகுப்பு மாணவன், பட்டுக்கோட்டை

தம்பி, போடுறதுக்கு அது கையில இருக்கணுமே. 1939-ல மார்கரீத் பெரே கண்டுபிடிச்சாங்க, ரொம்ப நாள் நிக்குற வகையே 22 நிமிஷத்துல பாதி அழிஞ்சு போயிரும், கண்ணுக்குத் தெரியுற அளவு யாரும் சேத்து வெச்சதே இல்ல. இன்னொண்ணு, தங்கத்துல சொன்ன அதே சுருக்கம் இங்கயும் கொஞ்சம் இருக்கு, அதனால ஃப்ரான்சியத்தோட எலக்ட்ரானைப் புடுங்க 393 கிலோஜூல் வேணும், சீசியத்தைவிட ஜாஸ்தி. பிடி ரொம்பத் தளர்ந்தது சீசியத்துக்குத்தான், கடைசி வீட்டுக்காரருக்கு இல்ல. சோடியத்தையும் நீ தண்ணியில போடாத, அட்டெண்டர் ஐயா சட்டை ஞாபகம் இருக்கட்டும்.